பௌசருக்கு வழி விடுங்கோ

றோசலின் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. கேட்டால் ஐந்தடி என்றுதான் சொல்லுவாள். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவள் ஆயிரத்து ஐந்நூறு கலன் தண்ணீர் பிடிக்கிற தீயணைப்பு லொறி ஓட்டுகிறாள் என்று கேள்விப்பட்டபோது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த சொந்தக்காரர் ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களில் முதல் ஆள் அவளுடைய புருசனின் தமையன் அகஸ்ரின். உண்மைதான் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் நம்பாமல் இருந்த காலமே நிம்மதியான காலம் என்று றோசலின் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

லொறி ஓட்டுகிற ஊருக்கு அவள் போனதே லிஃப்ட்டின் மேல் இருந்த கோபத்தில்தான். தொண்ணூற்று மூன்றில் ஸ்காபரோவின் வோபர்னில் பதினாலாம் மாடியில் குடியிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் லிஃப்ட் ஓடாது. கைப்பிள்ளை மாதிரி அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி ஏறி அலுத்துப்போயிருந்த நேரத்தில், டன்ஸ்மோர் என்ற இடத்தில் பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், மேல்மாடியில் வீடும் உண்டு என்று கேள்விப்பட்டாள். மேல்மாடி என்றால் பதினெட்டுப் படி. அவள் அந்தக் கணமே ஓம் என்றுவிட்டாள்.

டன்ஸ்மோர் ரொறன்ரோவுக்குப் பக்கம் என்று சொல்லலாம்தான். சொல்லிவிட்டுக் காரில் ஏறினால் வடகிழக்கே ஒரு மணித்தியாலம் ஓட வேண்டும். நாலு தெரு கூடும் சந்தி, சந்தியில் இவளுடைய கடை, எதிரே தீயணைப்புக் கொட்டகை, அதோடு ஒட்டினாற்போல் ஊர் மண்டபம், மிச்சமெல்லாம் சோளக்காணி. புருசன் சீமோன் மிசிசாகாவில் விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை. டன்ஸ்மோரிலிருந்து அங்கே போய்ச்சேர விடியற்காலையில் எழும்ப வேண்டும். அதற்கும் அவன் மறுக்கவில்லை. சீமோன் பேச்சுக் குறைந்த மனிதன். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து றோசலின்தான் பேசினாள்.

கடையின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் எதிரே தீயணைப்புக் கொட்டகை. அங்கே சம்பளத்துக்கு ஆள் கிடையாது. குழாய் திருத்துகிறவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், பசு வளர்க்கிறவர் என்று ஊராட்களே பத்தொன்பது பேர். இடுப்பில் பேஜர் சத்தம் போட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். இரவிலும் ஞாயிறிலும் ஓடி வருவார்கள். வேலை நாளில், பகலில், எல்லோரும் நகரத்தில். அப்போது ஓடி வருவது ஹேர்ப் என்ற கிழவர் ஒருவர்தான். அவர்தான் தலைவர்.

தொண்ணூற்றைந்து மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. ஹேர்ப் லொறியைக் கிளப்பி வாசலில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஆளுக்காகக் காத்து நின்றார். றோசலின் கடைக்குள் நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஏழு நிமிடம். எங்கேயோ எதுவோ எரிகிறது, இந்த மனிதன் தெருவைத் தெருவைப் பார்க்கிறார். அவளுக்குப் பொறுக்கவில்லை. கடையைப் பூட்டித் திறப்பை ஜாக்கெற் பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள்.

“நான் என்ன பிடிக்க வேண்டும்?” என்று இங்கிலிசில் கேட்டாள்.

“கதவைப் பிடி, ஏறு” என்றார் ஹேர்ப்.

அப்படித்தான் அவள் சேர்ந்தாள். விண்ணப்பப் படிவம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே கூத்து. டன்ஸ்மோரில் தெருக்குழாய் இல்லை. நெருப்புக்கு வேண்டிய தண்ணீரை நாமே கொண்டுபோக வேண்டும். முன்னால் போகிற பம்ப் லொறியில் ஐந்து நிமிடத்துக்குத்தான் தண்ணீர் காணும். அது முடிவதற்குள் பின்னால் தண்ணீர் லொறி வந்து சேர வேண்டும், ஊற்ற வேண்டும், ஓடைக்கு ஓடி நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டும். எல்லோரும் அதை ராங்கர் என்றார்கள். றோசலின் பௌசர் என்றாள். யாழ்ப்பாணத்தில், அவள் பிறந்த ஊர்காவற்றுறையில் தண்ணீர் கொண்டுவருகிற வண்டிக்கு அதுதான் பெயர், கனடாவுக்கு வந்ததற்காக அவள் ஏன் பெயரை மாற்ற வேண்டும்? ஆறு மாதத்தில் ஹேர்ப்பும் பௌசர் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்.

பௌசர் ஓட்டப் பெரிய லைசென்ஸ் வேண்டும். முதல் சோதனையில் லொறியைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னார்கள். ஊரில் போல பின்னால் ஆராவது நின்று “வரட்டும், வரட்டும்” என்று கத்துவார்கள் என்று றோசலின் காத்திருந்தாள். ஒருவரும் கத்தவில்லை. அவளும் எடுக்கவில்லை. சோதனை அதிகாரி கடைசியில் இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் முறை ரயில் பாதையடியில், சிலுவை போடுவதற்காகக் கையை ஸ்ரியறிங்கிலிருந்து எடுத்தாள், அதுவும் சரிவரவில்லை. மூன்றாம் முறை சிலுவையைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போய்ப் பாஸ் பண்ணினாள். ஸ்ரியறிங்குக்கு மேலால் தெரு தெரியாதபடியால் ரொறன்ரோ ரெலிபோன் புத்தகங்கள் இரண்டை அடுக்கி அதன்மேல் இருந்து ஓட்டினாள். அந்த நகரத்தில் உள்ள அத்தனை சனமும் தன்னைத் தாங்குகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் ஒரு வருசத்துக்கு அவள் தற்காலிக ஆள்தான். வருசம் முடிய வோட் நடக்கும். வோட் என்றால் கோப்பித் தகரம் ஒன்றுக்குள் போஞ்சி விதை போடுவது. சம்மதம் என்றால் வெள்ளை விதை, இல்லை என்றால் கபில விதை. பத்தொன்பதில் ஒன்று கபிலமாக விழுந்தாலும் ஆள் வெளியே. பதினெட்டுப் பேர் வெள்ளை என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பதாவது ஆள் டக், குழாய் திருத்துகிறவன். நல்ல மனிதன், வாய்தான் நேரானது.

“உன்மேல் எனக்குக் கோபமில்லை” என்று அவளுடைய கடையில் கோப்பி குடித்துக்கொண்டே சொன்னான். “பயிற்சியில் எல்லோரும் ஓட்டுவார்கள். நான் நெருப்புக்குப் பக்கத்தில் குழாயோடு நிற்கும்போது தண்ணீர் முடிந்தால் சாகப்போவது நான். உண்மையான நெருப்புக்கு ஒரு தடவை நீ தனியாக லொறியைக் கொண்டுவா. அன்றைக்கு வெள்ளை போடுகிறேன்.”

றோசலினுக்கு அவன் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். வோட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. நெருப்பு வர வேண்டும் என்று செபிக்கவும் முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் அகஸ்ரின் ரெலிபோன் எடுத்தார். அகஸ்ரினை ஸ்காபரோவில் தெரியாதவர்கள் இல்லை. கலியாணமோ பிறந்தநாளோ, கத்தோலிக்கரோ சைவக்காரரோ, எந்த விழாவிலும் ஒலிவாங்கி அவருடைய கையில்தான். தோல் பெட்டிக்குள் சொந்த ஒலிவாங்கி வைத்திருந்தார். ஒரு பேச்சுக்கும் இன்னொரு பேச்சுக்கும் நடுவில், வழியை மறித்து நிற்கும் வாகனங்களின் இலக்கங்களை வாசிப்பது அவருடைய தனிச்சிறப்பு. அவர் வாசிப்பார், சனம் ரோல்ஸ் தின்னும், ஒருவரும் எழும்ப மாட்டார்கள். இலக்கம் தங்களுடையதுதான் என்று தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் ஆறுதலாகத் தின்பார்கள்.

“என்ன றோசலின், உதென்ன கண்டறியாத வேலை? ஆம்பிளையளோட லொறியில தொங்கிக்கொண்டு திரியிறியாம்.”

“தொங்கேல்லை அண்ணை. ஓட்டுறன்.”

“அது அதைவிட மோசம்! சனம் என்னட்டைக் கேக்குது. பிள்ளையின்ர முதல் நன்மையோட உந்தப் பேஜரைத் திருப்பிக் குடுத்துப்போடு.”

“அதுக்கு மூண்டு நாள் கழிச்சுச் செவ்வாய்க்கிழமை வோட் இருக்கு. தோத்தா நானே குடுக்கிறன். வெண்டா நீங்கள் பேந்து இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.”

“நான் வாய் திறக்காமலோ?” என்று அகஸ்ரின் உண்மையாகவே திகைத்தார். ஆனாலும் சம்மதித்தார், ஏனென்றால் ஐந்தடிப் பெண் தோற்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மகள் செரீனா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. காலையில் பூசை, பகல் ஒரு மணிக்கு டன்ஸ்மோர் ஊர் மண்டபத்தில் விருந்து. அன்றைக்கென்று பார்த்து டன்ஸ்மோர் தீயணைப்பு ஆட்களில் முக்கால்வாசிப்பேர் பக்கத்து மாவட்டத்தில் கயிறிழுக்கும் போட்டிக்குப் போய்விட்டார்கள். வழக்கமாகப் பௌசர் ஓட்டுகிறவரும் அதில் ஒருவர், இருநூற்றெண்பது இறாத்தல், அவர் இல்லாமல் கயிறு நகராது. மிஞ்சி நின்றவர்கள் ஹேர்ப், டக், இன்னும் இரண்டு பேர். றோசலினும் பேஜரைச் சேலை இடுப்பில் செருகியிருந்தாள், பச்சைப் பட்டுக்குள் அது ஒரு சின்னத் தவளைபோல் முழித்துக்கொண்டிருந்தது.

ஹேர்ப் நல்ல மனம் படைத்தவர். பிள்ளைகள் ஏறிப் படம் எடுக்கட்டும் என்று பம்ப் லொறியைக் கழுவித் துடைத்துத் தெருவோரத்தில் விட்டார். பௌசர் உள்ளே நின்றது. அதன் வாசலில் ஒருவரும் வாகனம் விடக்கூடாது என்பதற்காக இரண்டு செம்மஞ்சள் கூம்புகளை வைத்துவிட்டுப் போனார்.

முதலில் வந்து சேர்ந்த விருந்தாளி அகஸ்ரின். புத்தம்புதிய ஒயின் கலர் வான், இருக்கைகளின் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை. ஒரு மணித்தியாலம் சோளக்காணியைப் பார்த்து வந்த களைப்பில் அவர் அந்த அகலமான சீமெந்து வாசலையும் இரண்டு கூம்புகளையும் கண்டார். ஸ்காபரோவில் எந்த விழாவிலும் கூம்பு வைத்து இடம் பிடிப்பது பிரதம விருந்தினருக்குத்தான். பிள்ளையின் பெரியப்பா, நிகழ்ச்சித் தொகுப்பாளர், இவரை விட்டால் வேறு எவர் பிரதம விருந்தினர்? கூம்புகளைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வானை நடு வாசலில் நிறுத்தினார். அவர் நிறுத்தியதைக் கண்டு அடுத்த வாகனம் வந்தது, அதைக் கண்டு இன்னொன்று. அரை மணித்தியாலத்தில் பௌசரின் வாசலில் பதினொரு வாகனம். மண்டபத்தின் பின்னால் அரை ஏக்கர் நிறுத்துமிடம் வெறுமையாகக் கிடந்தது.

றோசலின் இதையெல்லாம் காணவில்லை. அவள் உள்ளே கேக் மேசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு, வீடியோ எடுக்கிற வாகீசன் செரீனாவை வெள்ளைச் சட்டையும் முடியுமாகப் பம்ப் லொறிக்குள் ஏற்றி, “வடிவாச் சிரியுங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பேஜர் அலறியது.

விம்மின் மாட்டுப்பட்டி எரிகிறது. விம் ஒல்லாந்துக்காரக் கிழவன், தனி ஆள், தினமும் காலையில் கடைக்கு வந்து கறுப்பு மிட்டாய் வாங்கி அவளுக்கும் ஒன்று தருவான். அதன் உப்புச் சுவைக்கு அவளுக்கு வாந்தி வரும், இருந்தும் தின்பாள். மாடுகள் மேய்ச்சலில். பட்டியிலிருந்து முப்பது அடியில் மரவீடு. காற்று வீட்டுப் பக்கம்.

ஹேர்ப் செரீனாவை அலாக்காகத் தூக்கி இறக்கிவிட்டார். நாலு பேரும் ஏறினார்கள். டக் ஜன்னலுக்குள்ளால் தலையை நீட்டினான்.

“றோசலின்! ஐந்து நிமிடத் தண்ணீர்தான்!”

“தெரியும், போ!”

லொறி போய்விட்டது. றோசலின் சேலைக்கு மேலாலேயே நெருப்புக் காற்சட்டையை இழுத்து மாட்டி, கோட்டைப் போட்டு, கொட்டகைக் கதவைத் தூக்கினாள். வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தோடு பதினொரு வாகனமும் வந்தது. நடுவில் ஒயின் கலர். டக்கின் கபில விதை ஒரு கணம் மனதில் வந்து போனது. அடுத்த கணம் விம்மின் வீடு வந்தது, அது போகவில்லை.

மண்டபத்துக்குள் ஓடினாள். பூட்சோடு, கோட்டோடு, கோட்டுக்குக் கீழே பச்சை முந்தானை வால்போல் தொங்க ஓடினாள்.

“அண்ணை, வாசலில நிக்கிற வாகனம் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்கோ! கெதியா!”

அகஸ்ரின் ஒலிவாங்கியை எடுத்தார். தொண்டையைச் செருமினார். “வணக்கத்துக்குரிய குருவானவர் அவர்களே, அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, கடல் கடந்து வந்தும் கன்னித்தமிழ் மறவாத உறவுகளே…”

“அண்ணை, வீடு எரியுது!”

“பொறு பிள்ளை, முறை ஒண்டு இருக்கு.” அவர் இலக்கங்களை வாசித்தார். நாலு இலக்கம் வாசித்தார். நூற்றிருபது பேரும் ரோல்ஸ் தின்றார்கள். ஒரு கதிரைகூட அசையவில்லை.

றோசலின் அந்தச் சனத்தைப் பார்த்தாள். அவளுடைய சனம். இவர்களை எழுப்புவது எப்படி என்று அவளுக்கா தெரியாது? அகஸ்ரினின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தாள்.

“வெளியில ஒரு புது வாகனம் இடிபட்டுப்போச்சு! பக்கம் முழுக்க நெளிஞ்சு கிடக்கு! என்ன கலர் எண்டு எனக்கு வடிவாத் தெரியேல்லை!”

மண்டபம் எழும்பியது. கதிரைகள் விழுந்தன. ஆறு வருசப் பழைய காருக்குச் சொந்தக்காரரும் புதுக் கார் என்ற நினைப்பில் ஓடினார். வாசலில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் அகஸ்ரின். வெளியே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நெளியவில்லை. அதற்குள் றோசலின் பௌசரைக் கிளப்பிச் சங்கை ஊதினாள். கொட்டகைக்குள் சங்கு ஊதினால் காது கிழியும். பத்து வாகனம் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தன. ஒன்று பின்னுக்குப் போகிற அவசரத்தில் சோளக்காணிக்குள்ளேயே இறங்கிவிட்டது.

ஒயின் கலர் வான் மட்டும் நின்றது.

“அண்ணை, எடுங்கோ!”

அகஸ்ரின் பைகளைத் தடவினார். முகம் வெளுத்தது. “திறப்பு மனிசி கிளடிஸின்ர பேக்குக்குள்ளை. அவ மற்றப் பெண்டுகளோட வேற காரில ஐஸ் வாங்கப் போயிட்டா.”

பௌசருக்குள் வானொலி கரகரத்தது. டக்கின் குரல். “தண்ணீர் மூன்று நிமிடம். எங்கே நிற்கிறாய்?”

றோசலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வானை லொறியால் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்துவிட்டாள். அப்போது சீமோன் முன்னால் வந்தான். கோட்டைக் கழற்றித் தெருவில் போட்டான். கழுத்துப்பட்டியையும் கழற்றினான். கல்யாணம் கட்டிப் பன்னிரண்டு வருசத்தில் அவன் தமையனுக்கு முன்னால் குரல் உயர்த்தி அவள் கண்டதில்லை.

“அண்ணை, தள்ளி நில்லு. தூக்கப்போறம்.”

“உது புது வானடா!”

“தள்ளி நில்லு எண்டனான்.”

அங்கே நின்ற ஆண்களில் பாதிப்பேர் தீவுப்பகுதிக்காரர். வள்ளத்தைக் கரையேற்றத் தெரிந்த கைகள். இங்கே வந்து கணினிப் பலகையும் பீற்சாப் பெட்டியும் தூக்கிக்கொண்டிருந்தன. இருபத்தைந்து பேர் கோட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வானைச் சுற்றிப் பிடித்தார்கள். ஒருவர் ஒரு பக்கம் இழுக்க, மற்றவர் மறுபக்கம் இழுக்க, வான் குலுங்கியதே தவிர நகரவில்லை. ஆளாளுக்கு ஒரு தாளம். அகஸ்ரினால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தன்னுடைய வான் என்பது ஒரு பக்கம்; அவர் முன்னால் நூறு பேர் கூடி ஒரு காரியம் அறிவிப்பாளர் இல்லாமல் நடப்பது மறுபக்கம். ஒலிவாங்கி இன்றியே வாயைத் திறந்தார்.

“ஏலேலோ!”

“ஏலோ!” என்றார்கள் இருபத்தைந்து பேரும்.

“ஏலேலோ!”

“ஏலோ!”

வான் எழும்பியது. உண்மையாகவே எழும்பியது, ஒரு முழம் தள்ளிப்போய் இருந்தது. இன்னொரு ஏலேலோ, இன்னொரு முழம். செரீனா முடி சரிய மதில் மேல் நின்று, “அம்மா, கோ! கோ!” என்று குதித்தாள். ஐந்தாவது ஏலேலோவில் வழி திறந்தது, ஆறாவதில் வானின் வலது பக்கம் கொட்டகைத் தூணோடு மோதி வடிவாக நெளிந்தது. எல்லோரும் அகஸ்ரினைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்கிறியள்? பௌசருக்கு வழி விடுங்கோ!” என்று அகஸ்ரின் கத்தினார்.

வாகீசன் கமராவோடு ஓடி வந்து, “அன்ரி, ஒருக்கா இறங்கித் திரும்ப ஏறுங்கோ, வடிவா விழேல்லை” என்றான். அதற்கு றோசலின் சொன்ன பதிலை முதல் நன்மை வீடியோவிலிருந்து பிறகு வெட்ட வேண்டியிருந்தது.

ரெலிபோன் புத்தகங்கள் இரண்டுக்கும் மேல் பட்டுச் சேலை வழுக்க வழுக்க அவள் ஓட்டினாள். சிலுவை போடவில்லை, இரண்டு கையும் ஸ்ரியறிங்கில். விம்மின் ஒழுங்கைக்குள் திரும்பியபோது பட்டியின் கூரை விழுந்துகொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் பெயின்ற் கொப்புளம் போட்டுப் புகைந்தது. டக்கின் குழாயிலிருந்து தண்ணீர் மெலிந்து, கிழவன் மூத்திரம் பெய்வதுபோல் விட்டுவிட்டு வந்தது. ஒழுங்கை ஒடுக்கம், பௌசரைப் பின்னுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். வரட்டும் என்று சொல்ல ஆள் இல்லை. தனக்குத்தானே உரத்துச் சொல்லிக்கொண்டாள்.

“வரட்டும்! வரட்டும்! வரட்டும்! ஹோல்ட்!”

பௌசரின் பின்பக்கம், பம்ப் லொறிக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குச் சாண் இடைவெளியில் நின்றது. தண்ணீர் கொட்டியது. டக்கின் குழாய் விறைத்து நிமிர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை. அன்றைக்கு அவள் ஓடைக்கும் விம்மின் வளவுக்கும் ஒன்பது தடவை ஓடினாள். பட்டி போய்விட்டது. வீடு நின்றது. கடைசியில் விம் அவளிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு மிட்டாயை எடுத்து நீட்டினான். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு அழுதாள்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது விருந்தாளிகள் ஒருவரும் போயிருக்கவில்லை. போகாதது பெரிதில்லை, சாப்பிடவுமில்லை. நூற்றிருபது தமிழர் ஆட்டிறைச்சிக் கறியின் வாசனையை நாலு மணித்தியாலம் முகர்ந்துகொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். கொட்டகை வாசல் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அதன் நடுவே அகஸ்ரின், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, இரண்டு கையிலும் இரண்டு கூம்பு வைத்துக்கொண்டு நின்றார். குருவானவரின் காரைக்கூட அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

றோசலின் இறங்கினாள். பச்சைப் பட்டு கறுப்பாகியிருந்தது.

“வாகனம் இடிபட்டது எண்டு பொய் சொன்னனி” என்றார் அகஸ்ரின்.

“அப்ப பொய் அண்ணை. இப்ப மெய்.”

அவர் தன் வானின் நெளிவைப் பார்த்தார். அவளுடைய கரி பூசிய முகத்தைப் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவர்போல் தொண்டையைச் செருமினார், ஆனால் சொல் வரவில்லை. அகஸ்ரினுக்குச் சொல் வராததை அன்றுதான் சனம் முதன்முதலாகக் கண்டது.

“செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு வோட்?” என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு வோட். தற்காலிக ஆள் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் றோசலின் கடைப் படியில் குந்தியிருந்தாள். கொட்டகைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வெடித்து வெடித்து வந்தது. வாகீசன் கொடுத்த வீடியோவை அவர்கள் மூன்றாம் தரம் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். இடுப்பில் இருந்த பேஜரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிக் கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

தெருவில் தூரத்தில் ஒருவர் நடந்து வந்தார். டன்ஸ்மோரில் கோட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிற ஆள் கிடையாது. கிட்ட வந்ததும் அது அகஸ்ரின் என்று தெரிந்தது. வியர்த்து ஒழுகியது.

“என்னண்ணை, நடந்தே வந்தனீங்கள்? வான் எங்கை?”

“சவக்காலையடியில விட்டிட்டு வந்தனான்.”

“ஒரு மைல் தூரமெல்லோ! இங்கை இவ்வளவு இடம் கிடக்கு.”

“கிடக்கட்டும்” என்று அகஸ்ரின் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். “எந்த நேரம் உனக்கு வழி தேவைப்படும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

றோசலின் சிரிக்கத் தொடங்கி, அழுதுவிட்டாள். அகஸ்ரின் அதைக் காணாதவர்போல் சோளக்காணியைப் பார்த்தார்.

கொட்டகைக் கதவு திறந்தது. ஹேர்ப் வந்தார், பின்னால் டக். ஹேர்ப் கோப்பித் தகரத்தை அவளுடைய இரண்டு கைக்குள்ளும் கவிழ்த்தார். வெள்ளை விதைகள். அகஸ்ரின் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தொன்பது. நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார்.

“அடுத்த தடவை மூன்று நிமிடம் முந்தி வா” என்றான் டக்.

அகஸ்ரின் நிமிர்ந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். ஒலிவாங்கி கையில் இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. வெறும் தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“அன்பார்ந்த டன்ஸ்மோர் வாழ் பெருமக்களே! தாய்மார்களே! எங்கட வீட்டுப் பிள்ளை றோசலின்…”

கேட்க ஆறு பேர்கூட இல்லை, அதிலும் தமிழ் தெரிந்தவள் ஒருத்திதான். ஹேர்ப் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார். அவர்களுக்குப் பின்னால் பௌசர் நின்றது, அகலமான அந்த வாசலில் ஒரு வாகனமும் நிற்கவில்லை.